அக்கி ஊசிக்குப் போகாத நாள்

வெர்லின்,

சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போகிறேன், நாலு மணிக்கு வந்துவிடுவேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. அடுப்பைத் தொடாதே. பிக்கப் வண்டிச் சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது.

உன் தம்பி லைல் வருவான். மீன் பிடிக்கக் கூப்பிட்டால் போகாதே. மூன்று வருடம் முன்பு மருந்துக்கடையில் உனக்கு அக்கித் தடுப்பூசிக்கு நாள் வாங்கியிருந்தேன். "ஏரி உறைஞ்சாச்சு, ஊசி எங்கடி ஓடிப்போகுது?" என்று அவனோடு ஏரிப் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனாய். மறு வருடம் கண்ணைச் சுற்றி அக்கி, இப்போது மறதி. ஊசி போட்டிருந்தால் மறதி தள்ளிப்போயிருக்கலாமாம். அக்கியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை அடங்காமல் மூளையையே அடிக்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். ஊராரை விட்டுவிட்டு வீட்டு ஆள் மேல் எரிந்து விழுகிற புத்தி. அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறது.

ஆர்டிஸ்

பி.கு.: மாத்திரையை லைல் எதிரிலேயே விழுங்கு.

இன்னொன்று. நேற்றுச் சாப்பிடும்போது, "ரொம்ப ருசியா சமைக்கிறீங்க, உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாய். கல்யாணமான இந்த நாற்பத்தொரு வருடத்தில் என் சமையலை நீ பாராட்டியது அதுதான் முதல் தடவை. பேர் மேலே இருக்கிறது. மனப்பாடம் செய்துவிடாதே.