அண்ணி கிழித்த தாள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலமா? உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் உங்கள் மகள்தான். கீழே இரண்டு பல் வந்துவிட்டது. பதம் பார்ப்பதெல்லாம் என் பேனா மூடியைத்தான்.

முதலில் நல்ல சேதி. பழங்குடிகளிடம் சர்க்கரை நோய் பார்க்கிறோம் என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் ரத்தம் எடுத்துப்போய், நம்மைக் கேட்காமல் வேறு ஆராய்ச்சிகளுக்கும் கொடுத்தார்களே, அந்த இருநூற்றுப் பதினோரு குப்பியும் திரும்பி வந்துவிட்டன. நான் வயிற்றில் இருந்தபோது கொடுத்த குப்பியை அம்மா கையில் வாங்கி, "இத்தனை வருஷமா குளுகுளுன்னு இருந்திருக்கே" என்றார்கள். கூடமே சிரித்தது.

இனி நம் ஊர்க் குழு சம்மதிக்காமல் யாரும் ஊசி எடுக்க முடியாது. நம் குழந்தைகளுக்கு ஏன் ரத்தம் குறைகிறது என்ற புது ஆராய்ச்சி நாமே கேட்டு வருவது. முடிவு முதலில் நமக்கு. நாம் எப்போது கேட்டாலும் குப்பியைத் தந்துவிட வேண்டும்.

பாப்பாவின் உள்ளங்கை வெளுத்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். பயப்படாதீர்கள், சொட்டு மருந்து கொடுக்கிறோம். பயப்படும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விதிகளை எழுதியது நான்தானே? சம்மதத் தாளை வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து. அப்படி எழுதியவள், பாப்பாவுக்கு ரத்தம் எடுக்க வந்த ஆராய்ச்சி டாக்டர் பையைத் திறப்பதற்குள் பாய்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன். ஆனால் குழுத் தலைவி அண்ணி, உங்கள் அக்காவாயிற்றே, விடுவார்களா? தையல் கடையிலிருந்து கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவர்கள், செல்லாது என்று தாளைக் கிழித்துவிட்டார்கள். "பிள்ளை பயத்துல எதுலயும் கையெழுத்து போட்டுடுவோம்மா. நம்ம அம்மாங்களும் அப்படித்தான் போட்டாங்க."

ஒரு மணி நேரம் அண்ணியோடு பேசவில்லை. பிறகு உட்கார்ந்து கேட்டு, திருப்பிச் சொன்னேன். மூன்றாவது விதி மறந்துபோனது. டாக்டர்தான் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்போது அப்பாவின் சம்மதம்தான் பாக்கி. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலையில் ஈரமாக இருப்பது பாப்பாவின் கையெழுத்து; அதுவும் செல்லாதாம். போனிலேயே கேட்டுத் திருப்பிச் சொன்னால் போதும் என்று எழுதச் சொன்னார்கள் அண்ணி. எழுதிவிட்டேன். ஆனால் விதியை எழுதியவள் சொல்கிறேன், நேரில் வந்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சொல்வதற்கும் எங்கேயும் தடை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இம்முறை முழுதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்
உங்கள் வீட்டுக்காரி