குளத்தில் கூடுதலாக விழுந்த குவளைகள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமென்று சொல்கிறாய், அதை அப்படியே நம்பிவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் குளத்துச் சேதி. உங்கப்பாவும் மாமாவும் கூட்டாக விட்ட திலேப்பியா மீன் பிடிக்கிற பருவம் வந்தும் உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. தீவனம் போடுவது மாமா, அதனால் மூட்டையை வெளியே விற்றுவிடுகிறான் என்று உங்கப்பாவுக்குச் சந்தேகம். மாமாவோ, அத்தான் எனக்குத் தெரியாமல் பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துவிடுகிறார் என்று என் காதைக் கடித்தான். குளத்தைப் பிரித்துக்கொள்வோம் என்கிற வரைக்கும் போய்விட்டது, புருஷனா கூடப்பிறந்தவனா என்று நான்தான் அழுதுகொண்டு கிடந்தேன். எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம், அதனால் கரையிலேயே நின்று தீவனம் போடுவதைப் பார்த்தேன், ஒரு பிடி குறையவில்லை. ஆனால் விடிந்தால் மீனெல்லாம் மேலே வந்து மூச்சுக்கு வாயைப் பிளக்கின்றன. வலை வீசச் சொன்னால் இழுக்க முடியவில்லை, அத்தனை மீன். மீன்குஞ்சு விற்றவரைப் பிடித்து உலுக்கியதும் விஷயம் வெளியே வந்தது. அவர் ஒரு குவளைக் குஞ்சை எண்ணிவிட்டு மீதியைக் குவளைக் கணக்கில்தான் ஊற்றுவாராம். குவளையில் பாதி தண்ணீர்தான் என்று உங்கப்பா சண்டை போட்டுக் கூடுதல் குவளைகளை ஊற்ற வைத்திருக்கிறார். உங்கப்பா நகர்ந்ததும் அதே சந்தேகத்தில் மாமாவும் தன் பங்குக்கு ஊற்ற வைத்திருக்கிறான். ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. குளம் தாங்குவதைப் போல இரண்டு மடங்கு மீன், எவ்வளவு போட்டாலும் நெருக்கியடித்துக்கொண்டு எங்கே வளரும். பாதியைப் பக்கத்துக் குளத்துக்கு மாற்றினோம், இப்போது தேறி வருகின்றன. அவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அடுத்தவர் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

இப்போது உன் கதைக்கு வா. வேளைக்குச் சாப்பிடுகிறேன், வசதியான அறை என்கிறாய். அனுப்புகிற படத்திலெல்லாம் ஒரே சுவர் மூலைதான், கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. போன படத்தில் உன் தலைக்குப் பின்னால் கொடியில் ஏழு துண்டு தொங்கியது. நீ ஒருத்தன் எத்தனை துண்டில் துடைப்பாய் ராசா? உங்கப்பாவிடம் சொல்ல மாட்டேன், அந்த அறையில் எத்தனை பேர் என்று எனக்கு மட்டும் மறைக்காமல் எழுது. நல்லா இரு, நோய் நொடி அண்டாமல் இரு. இங்கே உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
துண்டுகளை எண்ணிவிட்ட உன் அம்மா