பன்னிரண்டாம் பக்கத்துப் பெண்

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் ஐந்தாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதமென்றால் நிதானமாகச் சண்டை போடலாம்.

உங்கள் துறையிலிருந்து ஓர் ஆள் வந்தார். சைக்கிள் கடை மாடியில் எங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க என்னதான் நடக்குது?" என்றார். "பேசிட்டிருக்காங்க சார்" என்றேன். வளரும் பிள்ளை ஒன்றுக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர், சனிக்கிழமைதோறும் கூட இருப்பார், அதுதான் எங்கள் வேலை என்று விளக்கினேன். "வெறும் பேச்சுக்கா அரசாங்கம் பணம் தரணும்?" என்கிறார்! போன வருஷத்து நிதியே பாதிதான் வந்தது. சைக்கிள் கடைக்காரர் வாடகைக்கு வாய் திறக்காததால் வண்டி ஓடுகிறது. பந்தலுக்கும் பேனருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு, இதற்கு மட்டும் கை வலிக்கிறது.

சரி, அதை விடு. வாயாடி பேசிவிட்டாள்! பேசவே மாட்டாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் அது. அவளுடைய துணை நம் டிரைவரம்மா, டவுன் பஸ் ஓட்டுகிறவர். மாசக்கணக்கில் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். போன வாரம் மழையில் நனைந்து வந்தவளிடம், "ஷூவைக் கழட்டும்மா" என்றிருக்கிறார். "தூங்கும்போதே கழட்ட மாட்டேன்" என்றாளாம். அப்பன் குடித்துவிட்டு வந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டு அடிப்பானாம். பின்வாசல் கதவுக்கு இன்னொரு சாவி இடது ஷூவுக்குள் இருக்கிறதாம். அம்மாவை இழுத்துக்கொண்டு ஓட அதுதான் வழியாம்.

டிரைவரம்மா என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். நானும் டிரைவரம்மாவுமாக ஏதாவது வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் எவ்வளவோ இருக்கிறது, தாள் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் எழுதுகிறேன்: உன் மகனுக்குப் பல் விழுந்ததா?

உன் அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஓரத்தில், மடிப்பில், உறையின் உள்பக்கத்தில்கூட எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படிக்க அரசாங்கம் எனக்குப் பூதக்கண்ணாடி வாங்கித் தர வேண்டும். பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உன்னை மாதிரியே இருக்கிறான்.

எங்கள் துறையைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் துணை இயக்குநர் என்று நிதித்துறைக்காரர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நான்தானே? விளையாட்டுத் திட்டத்துக்காரர்கள் கோப்பையைக் காட்டுகிறார்கள். கணினி கொடுத்தவர்கள் கணினியைக் காட்டுகிறார்கள். நான் எதைக் காட்டுவேன்? எங்கள் இயக்குநர், "மனசைத் தொடுற மாதிரி ஒரு கதை கொடுங்கம்மா, பணத்தை நான் வாங்கித் தரேன்" என்கிறார். எங்கள் துறையின் ஆண்டு மலர் அச்சுக்குப் போகப்போகிறது. வாயாடி கதையைப் பேர் இல்லாமல் போடட்டுமா? உனக்காகத்தான் கேட்கிறேன்.

உன் சின்னவள்

ஜனவரி 27

சின்னவளே,

போடாதே. நீ மறதிக்காரி என்பதால் இன்னொரு தடவையும் எழுதுகிறேன்: போடாதே.

மனசைத் தொட வேண்டுமாமே! பாலம் கட்டப் பணம் கேட்கிறவனிடம் யாராவது கண்ணீர்க் கதை கேட்கிறார்களா? ரோட்டுக்குப் பணம் கேட்டால், ரோடு அழுது காட்ட வேண்டுமா? பிள்ளைகளுக்கு என்றால் மட்டும் புண்ணைத் திறந்து காட்டிக் கும்பிட வேண்டும், அப்போதுதான் ஐயாமார்களுக்கு மனசு இளகும். அவள் டிரைவரம்மாவிடம் சொன்னது கதை இல்லை. அவள் வீட்டு விஷயம்.

உங்கள் இயக்குநரை ஒரு சனிக்கிழமை வரச் சொல். டீ தருகிறேன். இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும். முடிந்தால் அப்புறம் "வெறும் பேச்சு" என்று சொல்லட்டும்.

நீயும் வாயேன். மூன்று வருஷமாக வருகிறேன், வருகிறேன் என்கிறாய். ஓரத்தில்: பல்லைப் பத்திரமாக வை, நான் பார்க்க வேண்டும்.

அக்கா

மார்ச் 5

என் அருமை அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. மூன்று வருஷ நிதி கிடைத்துவிட்டது! பாதி இல்லை, முழுசாக. வாடகை, துணைகளுக்கு பஸ் செலவு, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, எல்லாம் அடங்கும். உத்தரவைக் கையில் வாங்கியதும் ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இனி கோபப்படாமல் படி. இத்துடன் இருக்கிற ஆண்டு மலரில் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார். கடைசி நேரத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. நீ எழுதியதை அப்படியே கொடுத்துவிட்டேன். பேர் இல்லை, ஊர் இல்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. நிதித்துறை அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். பார், உன் எழுத்துதான் உன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது!

பெற்றோரும் பெருமைப்படட்டும் என்று உங்கள் மையத்துப் பிள்ளைகள் எல்லோருடைய வீட்டுக்கும் ஆபீஸிலிருந்தே ஒவ்வொரு பிரதி அனுப்பிவிட்டார்கள். ஒரு வரி பதில் போடு. திட்டினாலும் சரி.

உன் சின்னவள்

மார்ச் 14

சின்னவளுக்கு,

எல்லோருடைய வீட்டுக்கும் அனுப்பினீர்கள். அவள் வீட்டுக்கும்தான் அனுப்பினீர்கள்.

உறையைப் பிரித்தது அவள் அப்பன். பேர் எதற்கு அவனுக்கு? அவன் பெண் ஷூவோடு தூங்குகிறவள் என்பது அவனுக்குத் தெரியாதா? ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதை அரசாங்கம் வழவழத் தாளில் அச்சடித்து, தபால் செலவையும் ஏற்றுக்கொண்டு, அவன் கையில் கொடுத்துவிட்டது. அவன் இடது ஷூவுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டான். அப்புறம் கதவுகளைப் பூட்டினான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். அவள் அம்மாவுக்குக் கை முறிந்திருக்கிறது. வாயாடிக்கு நெற்றியில் தையல். ஆஸ்பத்திரியில் அவள் டிரைவரம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "யார்கிட்ட சொன்னீங்க?"

போடாதே என்று எழுதினேனே, அதுவும் இரண்டு தடவை! என் எழுத்து உனக்கு அச்சேற்ற மட்டும்தான் தெளிவாகத் தெரிந்ததா? யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாராமே, அந்தக் கண்ணீரைக் கொண்டுபோய் அவள் அம்மாவின் முறிந்த கையில் தடவச் சொல், எலும்பு கூடுகிறதா பார்க்கலாம். இப்படி ஒரு கதை இல்லாமல் பத்துக் காசு அவிழ்க்க மாட்டேன் என்கிற உங்கள் கஜானாவை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவையும் பெண்ணையும் டிரைவரம்மா எங்கேயோ கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருக்கிறார். எங்கே என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "உங்ககிட்ட சொல்ல மாட்டேம்மா. சொன்னா நீங்க எழுதிடுவீங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா

மார்ச் 19

அக்கா,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மீதிப் பிரதிகளை ஆபீஸில் நிறுத்திவிட்டேன். நான்தான் செய்தேன் என்று இயக்குநரிடம் சொன்னேன். "நல்ல எண்ணத்துலதானேம்மா செஞ்சீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ அன்றைக்கு எழுதியதைப் படித்து நானும் அழுதேன் அக்கா. அழுததால்தான் கொடுத்தேன். மற்றவர்களும் அழுதால் உனக்குப் பணம் கிடைக்கும் என்று நினைத்தேனே தவிர, அப்படி ஒரு பெண் நிஜமாகவே இருக்கிறாள் என்று நினைக்கவில்லை. தயவுசெய்து நிதியை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. மற்றப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

வாயாடி எப்படி இருக்கிறாள்? நான் வரட்டுமா? இந்தச் சனிக்கிழமையே வருகிறேன். திட்டவாவது எழுது அக்கா. ஓரத்தில் எழுது, மடிப்பில் எழுது, எங்கே வேண்டுமானாலும் எழுது.

உன் சின்னவள்

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய துணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் துறையின் நிதி உத்தரவு கிடைத்தது. ஏற்றுக்கொள்கிறோம். அது யாருடைய கண்ணீருக்கும் கிடைத்த பரிசு அல்ல. இந்தப் பிள்ளைகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய பணம்.

இனி இம்மையத்திலிருந்து துறைக்கு வருகை எண்ணிக்கை மட்டுமே அனுப்பப்படும். பிள்ளைகள் பேசுவது எதுவும் எழுத்தில் வராது. பார்வையிட விரும்பும் அதிகாரிகள் சனிக்கிழமைகளில் வரலாம். யாரிடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தாங்கள் விசாரித்த பெண் நலமாக இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் என்னிடம் சொல்வதில்லை. அவர் செய்வது சரிதான்.

வேறு செய்தி எதுவும் இல்லை.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
சைக்கிள் கடை மாடி