அளவு ஜாக்கெட்

போன வாரம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில், நம் தையற்கார அக்காவின் மேசை மேல் என் துணிப்பையைக் கவிழ்த்தேன். புது ஜாக்கெட் துணி, லைனிங், நூல்கண்டு எல்லாம் விழுந்தன. பையின் அடியில் மடிந்து கிடந்த உன் அரக்கு நிற ஜாக்கெட்டும் கூடவே விழுந்தது. அக்கா அதை எடுத்து உதறி, தோளைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். "இது யாரு அளவு? உன்னுது இல்லியே," என்றாள். தேங்காயெண்ணெயும் கம்பெனி மெஷின் ஆயிலும் கலந்த உன் வாசனை அதில் இன்னும் இருந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

நம் பக்கத்துப் பெண்கள் யார்தான் டேப்பை நம்பினோம்? சரியாகப் பொருந்தின ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து, "இதே அளவு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அதற்குப் பிறகு உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஜாக்கெட்தான் நம் அளவு. உனக்கு இது. பத்து வருஷம் நீ தைத்த அத்தனைக்கும் இதைத்தான் கொடுத்தாய். உன் கல்யாணத்துக்கு அப்புறம் தைத்த முதல் ஜாக்கெட் என்று ஒரு நாள் பஸ்ஸில் சொன்னாய். கையோரத்தில் சாயம் போய்விட்டது. கொக்கி இரண்டு இல்லை.

நம் பழக்கமே என் கிறுக்குத்தனமான துணியால் வந்ததுதானே. நீ கம்பெனி பஸ்ஸில் திருப்போரூரில் ஏறி, செங்கல்பட்டில் ஏறுகிறவர்களை எல்லாம் ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருவாய். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். முதுகில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் கோலிகுண்டு அளவுக்குக் குஞ்சம் தொங்கும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தேன். மறைமலைநகரில் இறங்க எழுந்தபோது அந்தக் குஞ்சம் சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. நான் ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம். கயிறு அறுந்து, முதுகு அப்படியே விரிந்துவிட்டது. பின்னால் ஒரு பஸ் நிறைய ஆம்பளைகள். செத்துவிடலாம் போலிருந்தது.

யாரென்றே தெரியாத நீ பின்னால் வந்து நின்று மறைத்தாய். உன் வளையலில் எப்போதும் நாலு ஊக்கு கொத்தாகத் தொங்கும். இரண்டைக் கழற்றி என் முதுகில் குத்திவிட்டு, காதோரம் சொன்னாய்: "கண்ணாடி முன்னாடி நின்னு மட்டும் பாக்காதடி. உக்காந்து எந்திரிச்சி பாரு. நாளெல்லாம் நாம அதத்தானே பண்ணிகினு கீறோம்."

அன்றையிலிருந்து துணி எடுக்கும்போதெல்லாம் கடையில் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து எழுந்து பார்க்கிறேன். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் ஒரு தடவையில் திருந்துகிற ஜென்மமா நான்? செக்‌ஷன் பெண்கள் எல்லாம் சேர்ந்து மாபலிபுரம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கடலுக்குப் போகிறவள் கல் வைத்த நெட் புடவையும் குதிகால் உயர்ந்த செருப்பும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மணலில் நாலு அடி வைப்பதற்குள் குதிகால் புதைந்து ஒன்று பிய்ந்துவிட்டது. அலை வந்து புடவையை நனைத்ததும் அது இழுத்த இழுப்புக்கு மடிப்பெல்லாம் அவிழ்ந்து, நான் அள்ளிச் சுருட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்து அழுதேன். நீ பழைய காட்டன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று விளையாடிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டு வந்தாய். உன் ரப்பர் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தாய்.

ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நான் புலம்பிக்கொண்டே வந்தேன். அப்போது நீ சொன்னதைத்தான் இந்த இரண்டு வருஷமாக மறக்க முடியாமல் கிடக்கிறேன். "போடி. உன்ன எவ பாக்கறா? எல்லாரும் அவஅவ மடிப்பதான் குனிஞ்சி பாத்துகினு கீறாளுங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னாய். எனக்கும் அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

கம்பெனியில் புடவை மேல் சாம்பல் நிறக் கோட்டு மாட்டிக்கொண்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான். யார் பருமன், யார் ஒல்லி என்று எதுவும் தெரியாது. வருஷத்தில் ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் கோட்டு இல்லை. அன்றைக்கு நம் செக்‌ஷன் பெண்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே மாதிரிப் புடவை கட்டுவோம். புடவை தேர்ந்தெடுப்பதும், எல்லோருடைய அளவு ஜாக்கெட்டையும் வாங்கி மொத்தமாகத் தைக்கக் கொடுப்பதும் என் பொறுப்பு. அதில் எனக்கு ஒரு பெருமை. நான்தான் இந்த செக்‌ஷனுக்கே ஸ்டைல் சொல்லிக் கொடுக்கிறவள் என்று ஒரு நினைப்பு.

அந்த வருஷம் மயில்கழுத்து நிறம் எடுத்தேன். பஸ்ஸில் உன்னிடம் அளவு ஜாக்கெட் கேட்டபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்த வாட்டி இது வேணாம்டி, நானே வந்து அளவு குடுக்கறன்" என்றாய். எனக்கு எரிச்சலாக வந்தது. பூஜைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, இருபத்திரண்டு ஜாக்கெட், இதில் நீ வேறு புதிதாக ஒரு பேஜாரைக் கூட்டாதே என்று கத்தினேன். மறுநாள் இந்த அரக்கு ஜாக்கெட்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாய்.

ஏன் புது அளவு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பூஜையன்று பாத்ரூமில் நீ புது ஜாக்கெட்டைப் போட்டதும் அது தோளைவிட்டு நழுவி வந்தது. நான் முதலில் தையற்கார அக்காவைத்தான் திட்டினேன். அளவு ஜாக்கெட்டை வைத்துப் பார்த்தால் தைத்தது சரியாகத்தான் இருந்தது. உன் வளையலிலிருந்தே ஊக்கைக் கழற்றி, பக்கத்துக்கு இரண்டு விரல் பிடித்துக் குத்தினேன். குத்திவிட்டு, கண்ணாடியில் உன்னைப் பார்த்து நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதினாலாவது குறைகிறதா பார்க்கலாம். "செமையா இளைச்சிட்டடி. இன்னா பண்ற, எனக்கும் சொல்லேன்."

நீ கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாய். "ஒண்ணும் பண்ணல. பசிக்க மாட்டுது, அவ்ளோதான்."

"குடுத்து வச்சவ," என்றேன்.

அதோடு விட்டேனா? வெளியே வந்து எல்லோரிடமும் சொன்னேன். அன்று முழுக்க இருபது பேர் உன்னைச் சுற்றி நின்று பத்து வயசு குறைந்துவிட்டது என்றும், புடவை இப்போதுதான் எடுப்பாக நிற்கிறது என்றும் மெச்சினார்கள். நீயும் சிரித்தாய். பொரியும் சுண்டலும் கொடுத்தபோது உன் பங்கை என் கையில் வைத்தாய். நான் அதையும் தின்றேன்.

அதற்குப் பிறகு என் வீட்டு மெஷினில் உன் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். தீபாவளிக்கு அரை விரல். கார்த்திகையில் இன்னும் அரை விரல். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு முழு விரல். தையல் நேராக வந்திருக்கிறதா என்றுதான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாள் முழுக்க அளவு பார்க்கும் கேஜை வைத்து, ஒரு மயிரிழை குறைந்த பார்ட்டைக்கூடக் கழித்து சிவப்பு டப்பாவில் போடுகிறவள் நான். அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் குறைந்துகொண்டே போனது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? தெரிந்தது. அதை அழகு என்று நினைத்தேன். பொறாமைகூடப் பட்டேன்.

மாசி மாசம் நீ லைனில் மயங்கி விழுந்த அன்று நான்தான் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எத்தனை நாளாக எடை குறைகிறது என்று டாக்டரம்மா கேட்டார். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பக்கம் கையைக் காட்டினாய். "இவளக் கேளுங்கம்மா. இவதான் புடிச்சிப் புடிச்சி தச்சா."

நீ அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உனக்குக் குத்திப் பேசவே வராது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆயுத பூஜைக்கு இரண்டு விரல், தீபாவளிக்கு அரை, கார்த்திகைக்கு அரை, பொங்கலுக்கு ஒன்று. டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்து, பேனாவை மூடிவிட்டு, "அப்பவே வந்திருக்கலாமே" என்றார். வயிற்றில் இருந்த கட்டி அதற்குள் கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது.

ஒரு நாள் வார்டில் உனக்குத் தலை வாரிவிடும்போது கேட்டுவிட்டேன், ஏனடி முன்னாலேயே சொல்லவில்லை என்று. முதலில் உனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றும், எல்லோரும் நன்றாக இருக்கிறாய் என்று சொன்னதும் நன்றாகத்தான் இருக்கிறோம் போல என்று விட்டுவிட்டாய் என்றும் மெதுவாகச் சொன்னாய். நான் சீப்பை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றேன். திரும்பி வந்தபோது நீ தூங்கியிருந்தாய். அந்தப் பேச்சை நாம் அப்புறம் எடுக்கவே இல்லை. மன்னிப்பு கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்கிறேன், யாருக்கு என்ன பிரயோஜனம்?

சித்திரையில் உன் வீட்டுக்கு வந்தேன். குளிப்பாட்டி முடித்து, புடவை கட்டிவிட என்னைக் கூப்பிட்டார்கள். மயில்கழுத்துப் புடவையையே உன் நாத்தனார் எடுத்து வைத்திருந்தாள். நான் அத்தனை தடவை பிடித்துத் தைத்த அதே ஜாக்கெட். இப்படிப்பட்ட நேரத்தில் உடம்பு விறைத்திருக்கும், ஜாக்கெட்டைப் பின்னால் கிழித்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு பெரியம்மா கத்திரியோடு நின்றாள். கத்திரிக்கு வேலையே இல்லை. கை அப்படியே உள்ளே போனது. போட்ட பிறகும் தொளதொளவென்று கிடந்தது. எனக்கு அப்போதும் புத்தி எங்கே போனது பார், என் வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றிவிட்டேன். நாத்தனார் என் கையைப் பிடித்து, "வுடுக்கா. லூசாவே இருக்கட்டும்," என்றாள். முந்தானையை இழுத்து மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

உன் ஊக்குக் கொத்தை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் வளையலில் தொங்குவது அதுதான். பஸ்ஸில் யாருக்காவது எதுவாவது கிழிந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன ஆயுத பூஜைக்கு கேன்டீன் அக்கா ஒருத்திக்குத் தோள் நழுவியது. பத்து பேர் சுற்றி நின்று அவளை மெச்சிக்கொண்டிருந்தார்கள். நான் ஊக்கைக் குத்திக்கொண்டே, எப்போதிலிருந்து லூசாக இருக்கிறது, பசி எடுக்கிறதா, டாக்டரைப் பார்த்தாயா என்று வரிசையாகக் கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று சண்டைக்கு வந்தாள். அப்புறம் தெரிந்தது, அவள் மகன் கல்யாணத்துக்காகக் காலை நாஸ்தாவை விட்டுவிட்டு, தினமும் ஏரிக்கரையில் நடந்து இளைத்தவள் என்று. இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நன்றாக இருக்கிறாள், போதும்.

நான் இப்போது காட்டன் புடவைதான் கட்டுகிறேன். குஞ்சம் இல்லை, கல் இல்லை, ரப்பர் செருப்பு. நீ பார்த்தால் கிண்டல் செய்வாய். ஒழுங்காக உடுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது. ஒருத்தியை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குள் நீ போய்விட்டாய்.

அன்று கடையில் அக்கா உன் ஜாக்கெட்டை நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். என் அளவு ஜாக்கெட்டைக் கேட்டாள். கொண்டுவரவில்லை, டேப் வைத்து எடு என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். மார்பைச் சுற்றி, தோளுக்கு, கைக்கு என்று எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டே, "இன்னா, இளைச்சிருக்கியா நீ?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியலக்கா," என்றேன். "நீ நல்லா பாத்துச் சொல்லு."