மதினி அழித்த எழுத்து

அன்புள்ள மதினிக்கு,

வில்லாபுரத்தில் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். திருப்பரங்குன்றத்து மலை இங்கிருந்து தெரிகிறது. விளக்கு வைத்துவிட்டு நீங்கள் கும்பிடுகிற திசை. நீங்கள் கண்மூடிய பிறகு, உங்கள் குரல் இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை.

காலரா வந்த அந்த வருஷம் நினைவிருக்கிறதா? நோய் வாசலோடு திரும்பிப் போகட்டும் என்று தெருவில் எல்லோரும் கதவில் 'நாளை வா' என்று கரியால் எழுதிக்கொண்டார்கள். வீடு வீடாக எழுதிக் கொடுத்தவன் நான்தான். காலராவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று எனக்கு அத்தனை நம்பிக்கை! உள்ளே உங்கள் மகன் முத்து, சின்னப் பிள்ளை, கண் செருகிக் கிடந்தான். நீங்கள் ஈரத்துணியோடு வந்து நம் கதவில் எழுதியதை அழித்தீர்கள்.

"ஏந் தம்பி, நாளைக்கு வான்னு எழுதி வச்சா முருகனும்ல திரும்பிப் போயிருவான்? எனக்கு அவன் இன்னைக்கே வேணும்."

பயம் உங்களுக்கும் இருந்தது. அதன் பேச்சைத்தான் நீங்கள் கேட்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினீர்கள். பிள்ளை கண் திறந்து "அம்மா" என்றதும் அழுதீர்களே ஓர் அழுகை!

அந்த முத்து இப்போது பட்டாளத்தில் இருக்கிறான், மதினி. பர்மாப் பக்கம் சண்டை. மாசக்கணக்கில் கடுதாசி இல்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே, தந்திக்காரர்தான் என்று அண்ணன் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடுகிறார். போன வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்திலும் தலைவாசல் சாத்தியே கிடந்தது. நம் வீட்டில் அப்படி என்றைக்காவது நடந்ததுண்டா?

"தெறக்காதடா. என்ன சேதி வருமோ," என்றார்.

"நீங்களும் நாளைக்கு வான்னு எழுதிட்டீகளாண்ணே?" என்றேன்.

அண்ணன் எழுந்துபோய் அவரே தாழ்ப்பாளை நீக்கினார். நான் ஏற்றிய விளக்கை வாங்கி மாடத்தில் வைத்தார். "முருகா" என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

முத்து வந்துவிடுவானா, மதினி? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் இந்த வாசல் இனி ஒருநாளும் அடைத்திருக்காது. வருவது எந்தச் சேதியாக இருந்தாலும், முருகன் அதற்கு முன்னால் உள்ளே வந்திருக்கட்டும்.

உங்கள் பிள்ளை வரும் வழியை உங்கள் இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கும்,
உங்கள் கொழுந்தன் சுப்பையா