முத்தமிட மறுத்த புத்தகம்

1926 மார்ச் 3, பிரிக்ஃபீல்ட்ஸ்

இன்றும் பால் தாமதம். ஆறு மணிக்கு வர வேண்டிய பால்காரன் கன்னையா ஆறேகாலுக்குப் பின்வாசலில் வந்து நின்றான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.

"மாடு மணி பாக்குமாம்மா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காகவே, பாலைச் சோதிக்கிறேன் என்று ஆறரை வரை நிறுத்தி வைத்தேன். பாலில் குறை இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 5

கன்னையாவின் மனைவி இராஜம்மா தலைகூட வாராமல் ஓடி வந்தாள். "அவர மாத்தா மாத்தா போலீசுங்க வெலங்கு மாட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்கம்மா!"

முந்தாநாள் புதன்கிழமை காலை ஆறேகாலுக்கு, ரயில்பாதையோரத்துச் சரக்குக் கிட்டங்கியில் பித்தளைச் சாமான் திருடினானாம். காவலாளி பார்த்தானாம். அந்த நேரத்தில் அவன் என் பின்வாசலில் அல்லவா நின்றான்? பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா."

சொல்கிறேன் என்றேன். என் மகன் லியனார்டுக்குச் சிரிப்பு. "பாத்தும்மா. மாஜிஸ்திரேட்டுக்கே பாடம் எடுத்துட்டு வந்துடாதீங்க."

மார்ச் 16

கோர்ட்டுக்குப் போனேன். சாட்சிக் கூண்டில் எண்ணெய் ஏறிய ஒரு கறுப்புப் புத்தகத்தை நீட்டினார்கள், முத்தமிட்டுச் சத்தியம் செய்யச் சொல்லி. பிரித்துப் பார்த்தேன். புரொட்டஸ்டன்டுகளின் வேதாகமம். பினாங்கு கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் படித்தவள் அதை முத்தமிடுவதா? என் சபையின் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாஜிஸ்திரேட் இளவயதுக்காரர். "இந்துக்கள் செய்வதுபோல் வாயால் உறுதி சொல்லலாமே, மேடம்?"

"நான் கிறிஸ்தவள், ஐயா."

"ஒரு புத்தகத்துக்காக வழக்கை ஒத்திவைக்க மாட்டேன். இறங்கலாம்."

தலை நிமிர்ந்து இறங்கினேன். பத்தே நிமிடம். கன்னையாவுக்கு ஆறு மாதக் கடுங்காவல்.

வாசல்வரை பெருமையாகத்தான் நடந்தேன். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

மார்ச் 17

இராஜம்மா வந்தாள். அழவில்லை. "கோர்ட்டு பியூன் சொன்னாரு. ஒரு புஸ்தகத்துக்காகவாம்மா?"



மார்ச் 20

பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் புத்தகத்தை முத்தமிட்டால் பாவம் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். யாருமே சொல்லவில்லை. மடத்துச் சிஸ்டர்கள்கூட.

அப்படியானால் அன்று பேசியது யார்? நான்தானே?

மார்ச் 22

மாஜிஸ்திரேட்டை அவர் அறையில் பார்த்து, இப்போது என் சாட்சியைக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். நான்! மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒருவனை உள்ளே அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டு, மேடம். கையெழுத்துப் போட்ட பிறகு அதில் ஒரு நாளைக் குறைக்கக்கூட அதிகாரம் இல்லை. மேல்கோர்ட்டுக்கு மனுப் போடுங்கள். பார்த்ததை எழுதிக் கொடுத்து என் முன் சத்தியம் செய்தால் அனுப்பி வைக்கிறேன்."

மேசைமேல் அதே புத்தகம். முத்தமிட்டேன். புகையிலை நாற்றம், எத்தனையோ வாய்களின் ஈரம். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 25

கன்னையா சிறைக்குள்ளிருந்து மனுவில் கைநாட்டு வைத்துவிட்டானாம். இனி என் வார்த்தைதான் அவனுக்கு.

ஏப்ரல் 27

மனு தள்ளுபடி. தீர்ப்பின் நகலை மூன்று முறை படித்தேன்.

'புத்தகத்தைக் காரணம் காட்டிச் சத்தியம் செய்ய மறுத்த இந்தச் சாட்சி, ஆறே நாளில் அதே புத்தகத்தின்மேல் சத்தியம் செய்திருக்கிறார். எந்த நாளில் இவர் மனசாட்சி உண்மையாக இருந்தது என்று அறிய வழியில்லை.'

எனக்கும் வழியில்லை.

ஜூன் 11

விடிகாலை ஆறேகாலுக்குப் பின்வாசலில் யாரோ நிற்கிறார்கள். தினமும். கதவைத் திறப்பதில்லை — திறந்தால் அங்கே நிற்பானோ என்று ஒரு பயம், நிற்க மாட்டானோ என்று ஒரு பயம். லியனார்ட் போய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, படுங்க" என்கிறான்.

ஆகஸ்ட் 2

யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது என்கிறாள் மருமகள்.

செப்டம்பர் 14

இன்று விடுதலை. லியனார்டிடம் சொல்லாமல் ரிக்‌ஷா பிடித்துப் பூடு ஜெயில் வாசலுக்குப் போனேன். இராஜம்மா முன்னமே வந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுச் சிறைக் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கன்னையா வெளியே வந்தான். தலையை மொட்டையடித்திருந்தார்கள். பாதி ஆளாகியிருந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்து கும்பிட்டான்.

"பெரியம்மா! நீங்களா? அன்னிக்கு அந்தத் தொரைகிட்ட எனக்காக இங்கிலீசுல என்னமா சண்டை போட்டீங்க! ஒரு வார்த்தை புரியல. ஆனா உள்ள இருந்த அத்தனை பேருகிட்டயும் சொன்னேம்மா, எனக்காகப் பேச ஒரு ஆளு இருந்துச்சுன்னு."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இராஜம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

"வெயில் ஏறுதும்மா. நீங்க வீட்டுக்குப் போங்க."

போனேன்.