கூப்பிடாமல் விட்ட பெயர்

செஞ்சி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மணிமொழிக்கு,

வளர்மதி எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் தமிழினியும் சுகமாக இருக்கிறோம். கரக்பூரில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். டிக்கெட் பார்க்க ரயிலில் ஏறும்போது காதை மூடிக்கொள்கிறாயா? உனக்குச் சின்ன வயதிலிருந்தே பனி ஆகாது.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லலாம் என்று மூன்று நான்கு தடவை எடுத்தேன். போனில் என்றால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய். நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் தமிழினியின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். முழுவதும் படித்த பிறகு திட்டு.

போன மாதம் நம் பக்கத்து ஓட்டக்காரர்கள் நான்கு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போட்டி வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். திண்டிவனம், விழுப்புரம், மேல்மலையனூர், கடைசியாகச் செஞ்சி. எல்லாமே பத்துக் கிலோமீட்டர். நான்கிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுக்கும் பெண்ணைக் கொல்கத்தா அரை மாரத்தானுக்கு அவர்கள் செலவிலேயே அனுப்புவதாக, போட்டியை நடத்துகிற டயர் கடை பாண்டுரங்கன் அண்ணன் சொன்னார். அந்த ரயில் உன் ஊர் வழியாகத்தான் போகும் என்று மேப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்குக் கொல்கத்தா ஒன்றும் வேண்டாம். உங்கள் அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனாயே, அதோடு உன்னைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. அதற்காகத்தான் நான் பெயர் கொடுத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அனுவும் பெயர் கொடுத்திருந்தாள். அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரா வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடவேண்டும், என்ன சாப்பிடவேண்டும் என்று நீதானே அவளுக்குப் பேசி அனுப்புகிறாய். உன் நம்பரை அவளுக்குக் கொடுத்ததே நான்தான். சிங்கவரம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் என்னோடு வேலை செய்யும் மீனம்பாள் அக்காவின் மகள், நன்றாக ஓடுகிறாள், ரயில்வேயில் ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கும் டிரையல் பற்றிக் கேட்கிறாள் என்று கொடுத்தேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திண்டிவனத்தில், போட்டி தொடங்குவதற்கு முன்னால் அவள் உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். நீல நிற ஷூ. புதுசா என்று கேட்டேன். “மணி அக்கா தீபாவளிக்கு அனுப்பினாங்கக்கா. அவங்க ஒரே ஒரு வாட்டி போட்டு ஓடினதாம். எனக்கு எப்படி கரெக்டா இருக்குது பாருங்க” என்று காலை நீட்டிக் காட்டினாள்.

மணி, உன் கால் அளவும் என் கால் அளவும் ஒன்று. ஸ்கூலில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஷூதானே இருந்தது. நீ எண்ணூறு மீட்டர் ஓடிவிட்டு வந்து கழற்றிக் கொடுப்பாய். உன் கால் சூடு ஆறுவதற்குள் நான் போட்டுக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கு ஓடுவேன். உனக்கு ரயில்வே வேலை கிடைத்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். என்னை அந்த டிரையலுக்கு வீட்டில் அனுப்பவில்லை. அப்போதுகூட உன்மேல் எனக்குப் பொறாமை வரவில்லை, இது சத்தியம். நீ ஓடினால் நானே ஓடுகிறமாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பெண் காலில் உன் ஷூவைப் பார்த்தபோது வயிறு பற்றி எரிந்தது. கடையில் புதிது வாங்கி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு தோன்றியிருக்காது. நீ போட்டு ஓடியதை அனுப்பியிருக்கிறாயே.

அன்று அவள் முதலாவது. நான் இரண்டாவது. கடைசி இரண்டு கிலோமீட்டரும் நான் ரோட்டையே பார்க்கவில்லை, அந்த நீல ஷூவையே பார்த்துக்கொண்டு ஓடினேன்.

அடுத்த ஞாயிறு விழுப்புரம். வேன் ஏறியதிலிருந்து அவள் வாயில் உன் பேச்சுதான். மணி அக்கா இப்படிச் சொன்னாங்க, மணி அக்கா அப்படிச் சிரிச்சாங்க. உனக்கு இப்போது முட்டி வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் பிடித்துக்கொள்கிறது என்பதை அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஏன் மணி, என்னிடம் சொன்னால் என்ன? என்னிடம் நீ மாதம் ஒரு தடவை, தமிழினி படிக்கிறாளா, வீட்டுக்காரர் நல்லா இருக்கிறாரா என்று கேட்கிறாய். அவளிடம் முட்டி வலியைச் சொல்கிறாய். அன்று மனசு எங்கேயோ இருந்ததில் நான் மூன்றாவதாக வந்தேன். அவள் மறுபடியும் முதலாவது.

அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மீனம்பாள் அக்கா சாம்பாரில் உப்புப் பார்க்கச் சொல்லி நீட்டியபோது, “உன் பொண்ணுகிட்டயே குடுத்துப் பாக்கச் சொல்லு, அவதான் எல்லாத்துலயும் ஃபர்ஸ்டு” என்று சொல்லிவிட்டேன். அது விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டு சிரித்தது. தன் மகளைப் பற்றிப் பெருமையாக நான்கு பேர் சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிற ஜனம்.

மூன்றாவது ஞாயிறு மேல்மலையனூர். அமாவாசை முடிந்த வாரம் என்பதால் ரோட்டில் கூட்டமில்லை. ஊரைத் தாண்டிப் போனால் ஒரு செங்கல் சூளை வரும். அங்கே வழி இரண்டாகப் பிரியும். நேராகப் போகாமல் இடது பக்கம் ஏரிக்கரையில் ஏறவேண்டும். சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். கரும்பு டிராக்டர் ஏறி அது அழிந்துபோயிருந்தது. அங்கே நிற்க வேண்டிய ஆளையும் காணோம். டிராக்டர் திரும்புவதற்குக் கை காட்டப் போய்விட்டாராம், அப்புறம் தெரிந்தது. எனக்கு வழி தெரியும். வந்ததுமே பாண்டுரங்கன் அண்ணனிடம் கேட்டு வைத்திருந்தேன்.

அனு எனக்கு ஐம்பது அடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். நேராகப் போனாள்.

நான் வாயைத் திறந்தேன். ‘அனு’ என்று ஒரு வார்த்தை. காற்றுகூட இல்லை, மெல்லக் கூப்பிட்டிருந்தாலே கேட்டிருக்கும். திறந்த வாயை மூடிக்கொண்டு இடது பக்கம் திரும்பிவிட்டேன். ஏரிக்கரை முழுக்க நான் மட்டும்தான். இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கரையில் ஓடியதுபோல நான் இந்தப் பத்து வருடத்தில் ஓடியதில்லை. காலே தரையில் படவில்லை.

நான் முதலாவது. அவள் அடுத்த ஊர்வரைக்கும் போய், களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லித் திரும்பி வந்தாள். ஒன்பதாவதோ பத்தாவதோ வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “நான் ஒரு லூசுக்கா. ரூட்டப் பாக்காம பூட்டேன். நீங்களாவது ஜெயிச்சீங்களே, அது போதும்” என்றாள்.

அன்று சாயங்காலம் நீ எனக்கு அனுப்பிய செய்தியைக் கொஞ்சம் நினைத்துப் பார். நான் எப்போதும் புத்தியோடு ஓடுகிறவள் என்றும், அனுவுக்கு அந்தப் புத்தி இல்லை, நன்றாகத் திட்டினேன் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு இனித்தது மணி. ஒரு நிமிஷம் இனித்தது. அப்புறம் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கப்பைத் துடைத்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, “இன்னா மூஞ்சி இப்படி இருக்குது? கப்பு வாங்கினவ மாதிரியா இருக்குற?” என்று கேட்டார். கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் எழுதியது ஒரு தப்பு. இன்னொன்று இருக்கிறது. அது இதைவிட மோசம்.

செஞ்சிப் போட்டி கோட்டைக்கு முன்னாலிருந்து தொடங்கியது. சிங்கவரம் போய்த் திரும்பவேண்டும். எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டோம். இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. அனு என் பக்கத்தில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள். இதற்குமேல் தாங்காது, சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். “அன்னைக்கு சூளைகிட்ட நீ தப்பா போறத நான் பாத்தேன் அனு. கூப்பிடல.”

அவள் முதலில் புரியாமல் சிரித்தாள். பிறகு, “பாத்தீங்களா?” என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

“ஒரு குரல் குடுத்து இருக்கலாமேக்கா.” அவ்வளவுதான் சொன்னாள். விசில் ஊதிவிட்டார்கள்.

துரத்தினமாதிரி ஓடினாள். பத்துக் கிலோமீட்டர் ஓடுகிற ஓட்டமா அது. சிங்கவரத்தில் அவள் தெருவே வந்து ரோட்டோரம் நின்றிருந்தது. மீனம்பாள் அக்கா குடத்தில் தண்ணீரும் கையில் டம்ளருமாக நின்றிருந்தது. அந்த இடத்தில், அத்தனை பேர் பார்க்க, அனு ஓட்டத்தை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். நான் அவளைத் தாண்டினேன். மீனம்பாள் அக்கா என்னோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து டம்ளரை என் கையில் திணித்து, “எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சின்னே தெரியல வளரு. திரும்பி வரும்போது நீ அவகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போ” என்றது. நான் தண்ணீரைக் குடித்தேன். குடித்துவிட்டு ஓடினேன்.

பாண்டிச்சேரிப் பெண் ஒருத்தி முதலாவது. நான் இரண்டாவது. அனு நடந்தும் ஓடியும் நான்காவது. நான்கையும் கூட்டியதில் எல்லோரையும்விட நான் முன்னால். மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள்.

மாலையோடு நிற்கும்போதுதான் எனக்கே விளங்கியது. தினமும் காலையில் சிங்கவரம் பள்ளிக்கு சைக்கிளில் போகிறவள் நான். அவள் வீடு பள்ளிக்குப் பின் தெரு. அவள் அம்மாவோடு ஒரே அடுப்பில் வேலை செய்கிறேன். அந்த வாரத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் அந்த ஐந்து நிமிஷத்தில் சொன்னேன்? மனசு தாங்காமல் சொன்னேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை மணி. சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குள் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொல்லி ஒருத்தியை விழவைத்தேன்.

மேடையை விட்டு இறங்கியதும் பாண்டுரங்கன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “ரூட்டு தெரிஞ்சிக்கிறது ஓடுறவங்க பொறுப்பும்மா. புள்ளிய மாத்த ரூல் இல்ல. நீ போகலன்னா அடுத்து அனு போவட்டும்” என்றார். நான் போகவில்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அனு வீட்டுக்குப் போனேன். ஏன் அந்த நேரத்தில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை. “தெரியும்க்கா. நடந்துகிட்டே அதத்தான் யோசிச்சேன்” என்றாள். டிக்கெட்டைப் பற்றிச் சொன்னதும், “நீங்க வுட்டுக்குடுத்தது எனக்கு வாணாம்” என்று உள்ளே போய்விட்டாள்.

நேற்று மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிக்கு வந்தாள். போகிறேன் என்றாள். “உங்களுக்காவ இல்ல. டிரையல் பத்தி நேர்ல பேசலாம்னு மணி அக்கா சொல்லி இருக்காங்க. ஆனா நீங்க செஞ்சத அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கோங்க.” என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. முன்பெல்லாம் ஒரு பேச்சுக்கு நான்கு அக்கா போடுவாள். அவள் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஊருக்குப் போகிற மகளுக்கு என்ன கட்டிக்கொடுக்கலாம் என்று என்னையே கேட்கிறது.

அதனால்தான் அவள் வந்து சேருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரவேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். மேல்மலையனூரில் அவள் புத்தி கெட்டு ஓடவில்லை. அவளைத் திட்டியதை நீ திரும்ப எடுத்துக்கொள்.

டிக்கெட்டை விட்டுக்கொடுத்ததால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இப்போதும் எரிகிறது. அவள் உன் ஸ்டேஷனில் இறங்குவாள், நீ பையை வாங்கிக்கொள்வாய், உன் அறையில் உட்கார்ந்து உன் கையால் சாப்பிடுவாள், உன் முட்டிக்குத் தைலம்கூடத் தேய்த்துவிடுவாள். நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஆனால் நல்ல பெண் மணி. மனசிலிருந்து சொல்கிறேன். என்னைவிட நன்றாக ஓடுகிறாள். அந்த வயதில் நீ ஓடியதைவிடவும் நன்றாக ஓடுகிறாள். டிரையலில் அவள் தேறவேண்டும் என்று சிங்கவரம் ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டும்போது மட்டும் எரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். இரு. எத்தனை நாள் என்று மட்டும் சொல்லிவிட்டு இரு. முட்டியை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. அனுவுக்கு உன்னிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் கொடு. அவளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள், ஊரெல்லாம் சுற்றிக் காட்டு.

அவளை ‘டி’ போட்டு மட்டும் கூப்பிடாதே. அது எனக்கு.

நீ நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன்
வளர்மதி